பிந்தி அமத்தின கை

பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. பெண்கள் 100 மீற்றர். முடிவுக் கோட்டில் நிறுத்தற்கடிகாரத்தோடு நானும் இன்னொரு சேரும். என்னுடையது 13.7 செக்கன், அவருடையது 13.4. பழைய சாதனை 13.5.

"மிஸ், நீங்கள் பிந்தி அமத்திப்போட்டியள்."

"நீங்கள் வெடிச் சத்தத்தைக் கேட்டு அமத்தினீங்களோ சேர்?" சத்தம் 100 மீற்றர் வந்துசேர ஏறக்குறைய 0.3 செக்கன் எடுக்கும். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு வாய் சும்மா இருக்குமா? புகையைப் பார்த்துத்தான் அமத்தினாராம். நானும் அப்படித்தான்.

இதே சண்டை 1796இல் கிறீன்விச் வானாய்வகத்தில் நடந்தது. மணிக்கூட்டின் ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டே, தொலைநோக்கியின் கம்பியை நட்சத்திரம் எப்போது கடக்கிறதென்று குறிக்கவேண்டும். உதவியாளர் கின்னபுரூக் குறித்த நேரம் தலைவர் மஸ்கெலினுடையதைவிட 0.8 செக்கன் பிந்தியது. வேலை போய்விட்டது, பாவம். ஆள் கவனமில்லை என்று தீர்த்துவிட்டார்கள்.

ஏறக்குறைய 25 வருடம் கழித்து பெசல் என்ற ஜேர்மன் வானியலாளர் அந்தக் கதையை வாசித்துவிட்டு, தன்னையும் மற்ற வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அனுபவசாலிகளுக்கிடையிலும் வித்தியாசம் இருந்தது. பிழை மணிக்கூட்டில் இல்லை, அலட்சியத்திலும் இல்லை; கவனித்துக் குறிக்க எடுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறு. பிறகு 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார்: செக்கனுக்கு 27 மீற்றர் அளவு. மின்னல் வேகம் என்று நினைத்திருந்தது, பார்த்தால் தட்டிவான் வேகம்!

அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான் வுண்ட். ஊசலையும் மணியோசையையும் ஒன்றாகக் கவனிக்க முயன்று, இரண்டையும் ஒரே கணத்தில் மனம் பிடிக்காது என்று கண்டார். 1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுகூடம் தொடங்கியது. உளவியல் தனி விஞ்ஞானமாகப் பிறந்த ஆண்டென்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். மெய்யியல் விரிவுரையில் பேசிக்கொண்டிருந்த மனத்தை, செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் கருவியின் முன் கொண்டுவந்து இருத்தினார்கள். திறப்பு விழா ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகம் அதை முறைப்படி ஏற்றதே 1883இல்தான்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொன்னேன். சேர் தேத்தண்ணியைக் குடித்தபடி, "அப்ப நரம்புக்குத்தான் நாங்கள் பேசவேணும்" என்றார்.

இரண்டு கடிகாரம் இரண்டு நேரம் காட்டினால் கூடின நேரத்தைத்தான் எடுக்கவேண்டும், அது விதி. 13.7 என்று பதிந்தார்கள். ஓடின பிள்ளை இன்னும் என்னோடை முகங்குடுத்துக் கதைக்கிறேல்லை.