வாசல் தளத்தைப் பெயர்த்தெடுத்த ஆண்டு

மார்ச் 18

பனிக்குவியல் கரைந்து, கார் நிறுத்தும் தளம் வெளியே வந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. சென்ற ஆண்டு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்த இடம் இப்போது ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பரவியிருக்கிறது. மேல்சாந்து போய், ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. குனிந்து ஒரு விளிம்பை நகத்தால் நெம்பினேன். ஆறிய புண்ணின் பொருக்கு உரிவது போல, விரல் நீளத்துக்கு ஒரு செதில் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் ஈரம்.

எல்லாரும் கடுங்குளிரைத்தான் திட்டுகிறார்கள். ஜனவரியில் உறைந்தது உறைந்தபடியே கிடக்கும், அதனால் பெரிய சேதமில்லை. தளத்தைக் கொல்வது இந்த மார்ச்சும் நவம்பரும்தான். பகலில் உருகிய நீர் கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. இரவில் அங்கேயே உறைகிறது. உறையும்போது நீரின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். துளை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த 9 சதவீதம் எங்கே போகும்? சுவரைப் பிளந்துகொண்டுதான் போகவேண்டும். மறுநாள் பிளவில் இன்னும் கொஞ்சம் நீர் சேரும், இரவில் அதுவும் உறையும்.

மார்ச் 29

என் வீட்டுக்காரர் மேலே ஒரு பூச்சு பூசிவிடலாம் என்கிறார். விளம்பரத்தில் பார்த்தாராம்: வாளியில் கலக்கி ஊற்றினால் ஒரே நாளில் புதுத்தளம். எனக்குச் சம்மதமில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்த் தளம் முழுக்கத் தட்டிக் காட்டினேன். நல்ல இடத்தில் ‘டிண்’ என்று கணீர் ஒலி. வீட்டுச் சுவரை ஒட்டியும் பழைய விரிசல் ஓரத்திலும் ‘பொத்’ என்ற ஒலி. உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது என்று அர்த்தம். பிரிந்த அடுக்கின் மேல் எவ்வளவு உயர்ந்த பூச்சைப் பூசினாலும் அது அந்த அடுக்கோடு சேர்ந்துதான் பெயரும். இடையில் நீர் சிக்கினால் முதல் குளிர்காலத்திலேயே கதை முடிந்துவிடும்.

தளம் நன்றாக இருந்து, ஒரு பலகம் (கான்கிரீட் கட்டம்) மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் துளையிட்டு அடியில் கலவையைச் செலுத்தித் தூக்கலாம். எங்கள் நிலைமை அதுவல்ல. வீட்டுப் பக்கமாகவே வாட்டம் திரும்பிவிட்டது; உருகும் நீரெல்லாம் அடித்தளச் சுவரைத் தேடிப் போகிறது. அந்த ஒன்று போதும் முழுவதையும் பெயர்க்க.

“சரி, பெயர்த்துவிடுவோம். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் நீதான் பேசவேண்டும்” என்றார். பேசினால் போயிற்று.

ஏப்ரல் 11

மூன்று பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். மூவரிடமும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: கலவையில் காற்று எத்தனை சதவீதம்?

ஒருவர் சிரித்தார். காற்றெல்லாம் வேண்டாம், கடைசியில் சீலர் (நீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு) அடித்துத் தருகிறோம், பளபளவென்று இருக்கும் என்றார். இன்னொருவர் கான்கிரீட் ஆலை எதை அனுப்புகிறதோ அதுதான் என்று கைவிரித்தார். மூன்றாமவர் மட்டும் நிதானமாக, “5 முதல் 8 சதவீதம். ஊற்றும் முன் உங்கள் கண்ணெதிரே அளந்து காட்டுகிறேன்” என்றார். அவருக்கே வேலை.

குளிர்நாட்டுக் கான்கிரீட்டின் உயிரே இந்தக் காற்றில்தான் இருக்கிறது. கலக்கும்போது தற்செயலாகச் சிக்கும் பெரிய குமிழிகளை நான் சொல்லவில்லை. சோப்பு நுரைபோல வேலை செய்யும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத கோடிக்கணக்கான நுண்குமிழிகளை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். உறையும் நீர் நெருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் வெற்றுக்குமிழிக்குள் ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. அந்த இடம் பக்கத்திலேயே இருக்கவேண்டும். சாந்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் சுமார் 0.2 மில்லிமீட்டருக்குள் ஒரு குமிழி வேண்டும் என்பது கணக்கு.

இது யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடித்ததல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 1930களில் அமெரிக்காவில் சில சாலைத் துண்டுகள் மட்டும் பனிக்கும் உப்புக்கும் அசையாமல் நின்றன. ஏன் என்று துருவினால், அந்தச் சிமென்டை அரைக்கும்போது சேர்ந்த கொழுப்பு வகைப் பொருள் குமிழிகளை உண்டாக்கியிருந்தது தெரிந்தது. அதற்கான விளக்கத்தைக் கான்கிரீட் ஆராய்ச்சியாளர் டி. சி. பவர்ஸ் 1945இல் எழுதினார்.

ஒப்பந்தத்தில் நானே சேர்க்கச் சொன்னவை: வலிமை 32 மெகாபாஸ்கல், நீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது, கனம் 125 மில்லிமீட்டர், அடியில் கெட்டிப்படுத்திய ஜல்லி 200 மில்லிமீட்டர். கார் மட்டும் நிற்கும் தளத்துக்கு 100 மில்லிமீட்டர் கனமே வழக்கம். கூடுதல் கனம் என் பேராசை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும்போது ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மே 5

இன்று உடைத்தார்கள். முதலில் ரம்பத்தால் கட்டம் கட்டமாக அறுத்து, பிறகு இயந்திரத்தால் நெம்பித் தூக்கினார்கள். அறுக்கும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். உலர்வாக அறுத்தால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, திண்ணை ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். தளத்தின் ஜாதகமே அதில் இருந்தது. ஒரு முனையில் கனம் 90 மில்லிமீட்டர், மறுமுனையில் 60 கூட இல்லை. கம்பிவலை நடுவில் இருக்கவேண்டியது, மண்ணைத் தொட்டுக்கொண்டு அடியில் கிடந்தது. துரு ஏறிக் கையில் பட்டதும் உதிர்ந்தது. ஊற்றும்போது வலையைத் தரையில் போட்டுவிட்டு, பிறகு கொக்கியால் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். இழுக்கவில்லை. மேற்பரப்பிலிருந்து ஒரு விரற்கடை ஆழம் வரை, தளத்துக்கு இணையாக மயிரிழை விரிசல்கள் ஓடின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் வட்டமான நுண்குமிழிகள் ஒன்றும் தட்டுப்படவில்லை. இத்தனை ஆண்டு தாங்கியதே பெரிய காரியம்.

அடியில் ஜல்லியே இல்லை. நேராக வண்டல் மண்மேல் ஊற்றியிருக்கிறார்கள்.

உடைந்த கான்கிரீட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். நொறுக்கி, வேறொரு தளத்துக்கு அடிஜல்லியாகப் போடுவார்களாம்.

மே 8

இந்த வண்டலைப் பற்றி எழுதாமல் தூங்க முடியாது. மண் உறைந்து தளத்தைத் தூக்குவதற்கு மூன்றும் சேரவேண்டும்: உறையும் குளிர், நீர், நீரை மேலே உறிஞ்சும் மண். மணலின் துளைகள் பெரியவை, நீர் கீழே வடிந்துவிடும். களிமண்ணின் துளைகள் மிகச் சிறியவை, நீர் நகரவே நேரமாகும். வண்டல் இரண்டுக்கும் நடுவே. உறிஞ்சவும் செய்யும், வேகமாகக் கடத்தவும் செய்யும். மேலே உறையும் இடத்தை நோக்கிக் கீழிருந்து நீர் ஏறிக்கொண்டே இருக்க, அங்கே பனிக்கட்டி மெல்லிய அடுக்காகத் தொடங்கித் தடித்துக்கொண்டே போகும். இருந்த நீர் 9 சதவீதம் விரிவது இதன் முன்னால் ஒன்றுமில்லை. வெளியிலிருந்து புதுநீர் வந்து சேர்கிறதே! தளம் ஓரிரு அங்குலம் எழும்புவது இப்படித்தான். வசந்தத்தில் பனி உருகியதும் கீழே சேறு. அதன்மேல் கார் ஏறினால் பலகம் உடைகிறது.

குளிரைத் தடுக்க வழியில்லை. நீரைத் தடுக்கலாம், மண்ணை மாற்றலாம். வண்டலை வெட்டியெடுத்து, பிரிப்புத் துணி விரித்து, உடைகல் ஜல்லியை இரண்டு அடுக்காகக் கொட்டி, அதிர்வுத் தகடு ஓட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். ஒரே அடுக்காகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் அடி பொலபொலவென்று இருந்துவிடும். கூரை நீர் இறங்கும் குழாய் முன்பு தளத்தின் ஓரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். இந்த வேலைக்கு ஒப்பந்தக்காரரே தேவையில்லை, யாரும் செய்யலாம்; ஆனால் யாரும் செய்வதில்லை.

மே 13

மழை. ஊற்றுவதைத் தள்ளிவைத்தார்கள். பலகை அடித்தாகிவிட்டது, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம், தெருப்பக்கமாக. திருப்தி.

மே 15

கலவை லாரி காலையிலேயே வந்துவிட்டது. ஓட்டுநரிடம் ரசீதை வாங்கிப் பார்த்தேன்: எப்போது கலந்தது, எவ்வளவு நீர், எந்தக் கலவை, எல்லாம் அச்சடித்திருந்தது.

பிறகு காற்றை அளக்கும் அந்த அளவி. தடித்த உலோகக் கிண்ணம். கான்கிரீட்டை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி, விளிம்பைச் சுத்தமாக வழித்து, மூடியை இறுக்கினார்கள். மூடியின் ஒரு துளையில் நீர் செலுத்தி, மறு துளையில் குமிழியில்லாமல் வரும்வரை காத்திருந்தார்கள். கைப்பம்பால் காற்றழுத்தம் ஏற்றி நெம்புகோலை அமுக்கியதும் முள் நடுங்கி 6.3 சதவீதத்தில் நின்றது. வேலையாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். படபடப்பு அடங்கியது.

அடுத்த அரைமணியில் ஒரு சச்சரவு. தள்ள எளிதாக இருக்கட்டும் என்று ஓர் ஆள் தண்ணீர்க் குழாயை எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். கலவை கெட்டியாக இருந்தால் அதற்கான கரைசலைச் சேர்க்கலாம். குழாய்நீர் சேர்த்தால் 0.45 என்ற விகிதம் போயிற்று, வலிமையும் போயிற்று, துளைகள் கூடிற்று. ஒப்பந்தக்காரர் என் பக்கம் பேசினார். அந்த ஆள் அதன்பின் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பரவாயில்லை.

கம்பிகள் இந்த முறை நாற்காலிக் கட்டைகள்மேல் சரியான உயரத்தில் நின்றன. சுவரை ஒட்டி நுரைப்பட்டை வைத்தார்கள்; வீடும் தளமும் தனித்தனியாக அசையட்டும்.

ஊற்றி மட்டம் செய்தபின் மேலே நீர் கசிந்து மினுமினுத்தது. அது ஆவியாகும்வரை யாரும் கரண்டியைத் தொடக்கூடாது. இந்த நீரை உள்ளே தேய்த்துவிட்டால் மேல்தோல் மட்டும் பலவீனமாகி, அடுத்த மார்ச்சில் செதில் செதிலாக உரியும். இரும்புக் கரண்டியால் வழவழப்பாக இழைப்பதும் அப்படியே: பாடுபட்டுச் சேர்த்த குமிழிகளை மேற்பரப்பிலிருந்து பிதுக்கி எறிந்துவிடும். நீர் வற்றியதும் துடைப்பத்தால் குறுக்கே ஒரு வரி இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். பளபளப்பு இல்லை, கால் வழுக்காது.

உடனே மேலே, ஈரம் போகாமல் காக்கும் க்யூரிங் பூச்சு தெளித்தார்கள்.

மே 16

விடியற்காலையில் வெட்டுக்கோடுகள் போட்டார்கள். கான்கிரீட் சுருங்கும், விரிசல் விடும். அதை நாம் சொல்லும் இடத்தில் விடச்செய்வதற்குத்தான் கோடு. 3 மீட்டருக்கு ஒன்று, ஆழம் கனத்தில் நான்கில் ஒரு பங்கு. இன்னும் தாமதித்திருந்தால் அது தன் இஷ்டத்துக்கு விரிசல் விட்டிருக்கும்.

மே 23

ஒரு வாரம் தெருவில்தான் கார். வீட்டுக்காரர் தினமும் ஒருமுறை, “இப்போது ஏற்றலாமா?” என்கிறார். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை, சிமென்ட் நீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. ஈரம் போனால் வினையும் நின்றுவிடும் என்று மறுபடி விளக்கினேன். இரவில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போவதாகச் சொன்ன அன்று போர்வை போர்த்தினோம். நாளைக்கு ஏற்றிக்கொள்ளட்டும்.

ஜூன் 20

28 நாள் தாண்டிவிட்டது. ஊடுருவும் வகை சீலர், சைலேன் என்ற நீர்விலக்கும் வேதிப்பொருள் கொண்டது, உலர்ந்த நாள் பார்த்து அடித்தேன். மேலே படலமாக நிற்கும் பளபளப்பு வகையை நான் நம்புவதில்லை. அடியிலிருந்து ஏறும் ஈரத்தை அது உள்ளேயே பூட்டிவைக்கும். எந்தச் சீலரும் காற்றில்லாத கலவையைக் காப்பாற்றாது என்பதையும் அந்த முதல் ஆளுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 22

முதல் பனி விழுந்தது. பக்கத்து வீட்டார் அன்பாக ஒரு மூட்டை பனி உருக்கும் உப்பு கொண்டுவந்தார். பையின் பின்புறத்தைப் படித்தேன்: அம்மோனியம் சல்பேட். இதுவும் அம்மோனியம் நைட்ரேட்டும் பனியை உருக்குவதோடு நில்லாமல் சிமென்டையே வேதிமுறையில் தின்னும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் தன் தளத்திலும் போடாமலிருக்கக் காரணத்தையும் சொன்னேன். சாதாரண உப்பு அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பனியை உருக்கி, மீண்டும் உறையவைத்து, துளைகளில் நீரை நிறைத்துவைக்கும். முதல் குளிர்காலத்தில் அதுவும் வேண்டாம். மணல் தூவினேன்.

இருந்தாலும் கார் தெருவிலிருந்து உப்புச்சேற்றைச் சக்கரத்தில் சுமந்துகொண்டு வரத்தான் செய்கிறது. அது சொட்டும் இடத்தைப் பூஜ்யத்துக்கு மேல் வெப்பம் போகும் மதியங்களில் கழுவி, நீரை வழித்துத் தள்ளிவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரப்பர் வழிப்பான் ஒன்றை அவரே வாங்கிவந்து கதவருகே மாட்டியிருக்கிறார்.