மாற்றல் கேட்டு ஒரு மார்கழி

16 டிசம்பர் 2024, திங்கள் (மார்கழி 1)

அலாரம் நாலேகாலுக்கு வைத்தேன், எழுந்தது நாலே முக்காலுக்கு. கோலத்தைப் பேருக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தெருக்கோடிப் பெருமாள் கோயிலுக்கு ஓடினேன். பக்தி பொங்கி ஓடவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றல் விண்ணப்பம் போட்டு நாலு மாசமாகிறது, கோப்பு எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியவில்லை, ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள். மார்கழி முழுக்க விடாமல் போய்த் திருப்பாவை சேவித்தால் கட்டாயம் நடக்கும் என்றாள் பக்கத்து வீட்டு மாமி. சரி, முப்பது நாள்தானே. அப்புறம் காலண்டரைப் பார்த்தால் இந்த மார்கழிக்கு 29 நாள்தான். ஒரு நாள் லாபம்.

20 டிசம்பர், வெள்ளி (மார்கழி 5)

பெருமாளுக்குத் திருமஞ்சனம், அதாவது நீராட்டு, நடந்துகொண்டிருந்தது. வாசலில் பூ விற்கும் அம்மா கூடையைத் துணி போட்டு மூடிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள். குடம் குடமாய் ஊற்றுவதைப் பார்த்து, "இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணிய ஊத்துறாங்களே, சளி பிடிக்காதா அதுக்கு?" என்றாள். அதுக்கு! வீட்டுக் குழந்தையைச் சொல்வதுபோல.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் பெரியாழ்வார் ஞாபகம் வந்தது. மதுரையில் பாண்டியன் சபையில் பரிசாகக் கட்டிய பொற்கிழி அறுந்து விழுந்து, ஊரே அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டபோது, பெருமாள் கருடன்மேல் வந்து நிற்கிறார். எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவரோ, ஐயோ இந்த அழகுக்குக் கண் பட்டுவிடுமே என்று பதறிப் 'பல்லாண்டு பல்லாண்டு' என்று பாடிவிட்டார். சாகாதவனுக்குப் பல்லாண்டு! வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள் இதைத்தான் 'பொங்கும் பரிவு', பொங்கி வழியும் கரிசனம், என்றார். பூக்காரம்மாவுக்கு இந்தச் சொல் தெரியாது, அவளுக்குத் தேவையுமில்லை.

27 டிசம்பர், வெள்ளி (மார்கழி 12)

இன்று திருப்பாவையின் பன்னிரண்டாம் பாட்டு, 'கனைத்திளங் கற்றெருமை'. முப்பது பாட்டையும் தினமும் சேவிக்கிறார்கள், அன்றைக்குரியதை மட்டும் இரண்டு தரம். இரண்டாவது தரம்தான் காதில் விழுந்தது, முதல் தரம் தூக்கம்.

கறக்க ஆளில்லாத எருமை கன்றை நினைக்கிறது, அவ்வளவுதான். கன்று வந்து முட்டவில்லை, யாரும் கை வைக்கவில்லை, நினைத்த மாத்திரத்தில் பால் தானாக இறங்கி வீடெல்லாம் சேறாகிறது. நாரதரின் பக்தி சூத்திரம் 84 சூத்திரங்களில் பக்தி என்றால் பரம பிரேமை என்று தொடங்கி, யாரைப் போல என்று கேட்டு, கண்ணன் வளர்ந்த விரஜத்துக் கோபியரைத்தான் கைகாட்டுகிறது. இலக்கணம் எனக்கு எப்போதும் பாதி வழியில் மறந்துபோகும். சேறான வீடு மறக்காது. அந்த வீட்டுக்காரன் கறக்க மறந்தது சோம்பலால் இல்லையாம், கண்ணன் பின்னாலேயே போய்விட்டானாம். உரைகாரர்கள் அவனுக்காக அத்தனை பரிந்து பேசுகிறார்கள். அவன் என் அலுவலகத்தில் இருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. எருமைக்குக் கன்றிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. என்னிடம் விண்ணப்ப நகல் கைப்பையில் இருக்கிறது.

11 ஜனவரி 2025, சனி (மார்கழி 27)

கூடாரவல்லி. மார்கழி பிறந்ததும் நெய்யுண்ணோம் பாலுண்ணோம் என்று இருந்த பெண்கள் இன்று முழங்கை வழிய நெய்விட்டுச் சாப்பிடுகிற நாள். நானும் அக்காரவடிசல் வைத்தேன். பால் கொதிக்கும்போதே வெல்லத்தைப் போட்டுத் தொலைத்தேன், திரிந்துபோய்விட்டது. இறக்கி ஆறவிட்டு, வெல்லப்பாகை அப்புறம் சேர்த்திருக்க வேண்டும் என்று அம்மா போனில் சொல்லும்போது மணி ஆறு. திரிந்ததையே எடுத்துக்கொண்டு போனேன். மடைப்பள்ளிப் பிரசாதம் தனி, இது நாங்களே தின்றது. பூக்காரம்மா நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னாள்.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். நிறைவேற்ற அவளால் முடியவில்லை. நூற்றாண்டுகள் கழித்து ராமானுஜர் அதைச் செய்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போக, அவள் எதிர்கொண்டு வந்து 'அண்ணா' என்றாளாம். காலக்கணக்குப் பார்த்தால் அவள்தான் மூத்தவள், ஆனால் தங்கையின் வேண்டுதலை முடித்து வைப்பவன் அண்ணன்தானே. இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் அந்த 'அண்ணா'வில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

12 ஜனவரி, ஞாயிறு (மார்கழி 28)

'உன்தன்னோடு உறவேல் நமக்கிங்கு ஒழிக்க ஒழியாது.' இது கெஞ்சலே இல்லை. நீ நினைத்தாலும் விடாது, நான் நினைத்தாலும் விடாது என்கிற பேச்சு. மாடு மேய்ப்பவர்கள், அறிவு ஒன்றுமில்லை, புண்ணியமும் அவனால் வந்ததுதான், கையில் வேறு எதுவும் இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, உறவை மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார்கள் திருப்பாவையின் ஆயர் பெண்கள். அடுத்த மூச்சிலேயே, அன்பினால் சிறுபேர் சொல்லிக் கூப்பிட்டோம், கோபிக்காதே.

எது சிறுபேர்? முதல் பாட்டில் சொன்ன நாராயணன் என்பதுதான் என்று ஒரு விளக்கம் உண்டு. கோவிந்தன் என்று முடிசூடியவனைப் போய் நாராயணா என்றோமே என்று வருந்துகிறார்களாம். உலகையெல்லாம் தாங்கும் பெயர் சின்னது, மாட்டுக்காரப் பெயர் பெரியது. அப்படியானால் பூக்காரம்மாவின் 'அது' எந்தக் கணக்கில் சேரும்?

13 ஜனவரி, திங்கள் (மார்கழி 29)

போகிப் புகையில் கண் எரிய எரியப் போனேன். நாள் 29 என்பதால் கடைசி இரண்டு பாசுரமும் இன்றே. லாபம் என்றேனே, அது இங்கே நேர் செய்யப்பட்டுவிட்டது.

'இற்றைப் பறைகொள்வான் அன்று காண்.' முதல் நாளிலிருந்து நோன்புக்குப் பறை வேண்டும், பறை வேண்டும் என்று கேட்டவர்கள், அவன் எழுந்து வந்து கொடுக்கப்போகும் நேரத்தில், பறைக்காக வந்தோம் என்று நினைத்துவிட்டாயா என்கிறார்கள். ஏழேழ் பிறவிக்கும் உனக்கே ஆட்செய்ய வேண்டும், மற்ற ஆசைகளை மாற்று. கோஷ்டியோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே வந்தவள் 'மாற்று' வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்த மற்ற ஆசைகளில் என் மாற்றலும் அடங்குமே. அம்மாவை எப்படி விடுவது? அந்த வரியைத் தாண்டி அடுத்த பாசுரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

பாராயணத்தை முடித்து வைக்கும் சாற்றுமுறை ஆகி, தொன்னையில் பொங்கலை வாங்கிக்கொண்டு சந்நிதி முன் நின்று பழைய விண்ணப்பத்தையே முணுமுணுத்தேன். பின்னாலிருந்து பூக்காரம்மா முதுகில் தட்டினாள்.

"என்னத்த வாய்க்குள்ளயே முனகுற? சத்தமாக் கேளு. மணியடிச்சு மணியடிச்சு அதுக்குக் காது அடைச்சிருக்கும்."

கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.