இடத்துக்கு முன் ஒரு மனிதர்: மகள் காப்பகத்துக்குப் பழகிய கதை

மகளைப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தபோது அவளுக்கு வயது ஒன்றேகால். பிரிவுப் பதற்றம் உச்சத்தில் இருக்கும் பருவம். பெரும்பாலான குழந்தைகளுக்கு 8ஆம் மாதத்தை ஒட்டி இது தலைகாட்டும். 10 முதல் 18 மாதம் வரை கடுமையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது அந்த வயதில் குழந்தைக்குத் தெரியும். எப்போது வருவாள் என்பதுதான் தெரியாது. பருவம் கடக்கட்டும் என்று காத்திருக்க எங்களுக்கு வழியில்லை. ஆனால் நான் வேலைக்குத் திரும்புவதற்கு முன் சில வாரங்கள் கையில் இருந்தன. அதைப் பெரும் பேறாகவே நினைக்கிறேன்.

காப்பகங்களைப் பார்க்கப் போனபோது சுவர் ஓவியங்களையும் விளையாட்டுப் பொருட்களையும் நிறையக் காட்டினார்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: தினமும் காலையில் என் குழந்தையைக் கைநீட்டி வாங்கப் போவது யார்? இதற்கு ஓர் ஆளைச் சுட்டிக்காட்டிப் பதில் சொன்ன இடத்தையே தேர்ந்தெடுத்தோம். சின்னக் குழந்தை முதலில் ஒரு மனிதரிடம்தான் ஒட்டிக்கொள்கிறது. அவர் வழியாகத்தான் அந்த இடம் அதற்குச் சொந்தமாகிறது.

குழந்தையைக் காப்பகத்துக்குப் படிப்படியாகப் பழக்க, ஜெர்மனியில் 1980களில் உருவான பெர்லின் முறை என்று ஒன்று உண்டு. குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் இடையிலான பிணைப்பை விளக்கும், பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் பற்றுதல் கோட்பாட்டை அடியொற்றியது. அதில் முதல் 3 நாட்கள் பிரிவு என்பதே கிடையாது. பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு போய், ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு, சேர்ந்தே திரும்ப வேண்டும். 4ஆம் நாள்தான் முதன்முறையாகச் சில நிமிடங்கள் அறையை விட்டு வெளியேறுவது. அழும் குழந்தை பராமரிப்பாளரின் கையில் தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் உடனே உள்ளே போய்விட வேண்டும். அடுத்த பிரிவைச் சில நாட்கள் தள்ளிவைப்பார்கள். அந்த 4ஆம் நாள் திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது. விடுமுறை முடிந்து வரும் குழந்தைக்குத் திங்கள் எவ்வளவு கனமான நாள் என்று அறிந்தவர்கள் வகுத்த விதி அது.

இதே வரிசையில் பழக்கலாமா என்று கேட்டோம். காப்பகத்தில் சம்மதித்தார்கள்.

நான் அறையின் மூலையில் தரையில் உட்கார்ந்திருப்பேன். நானாக விளையாட்டுக் காட்ட மாட்டேன். அவள் ஓடிவந்தால் மட்டும் மடியில் ஏற்றிக்கொள்வேன். பராமரிப்பாளர் அவளைத் தூக்க முயலவே இல்லை. சற்றுத் தள்ளி, பாதி முதுகு காட்டி அமர்ந்து, மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். ‘டங்’ என்று சத்தம் வரும்போதெல்லாம் மகள் என் சட்டையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு போய், அவளே டப்பாவில் போட்டாள். அவர் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். குழந்தைகளை அறிந்த கை எப்படி இருக்கும் என்று அன்று கண்டேன். அடுத்தடுத்த நாட்களில் நான் பக்கத்தில் நிற்க, டயப்பர் மாற்றுவதும் சாப்பாடு ஊட்டுவதும் அவர் பொறுப்புக்குப் போயின.

விடைபெறுவதில்தான் வீட்டில் கருத்து வேறுபாடு வந்தது. “விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்போது சத்தமில்லாமல் கிளம்பிவிடு, அழமாட்டாள்” என்றார் மாமியார். அவரது தவிப்பு எனக்குப் புரிந்தது. ஆனால் சொல்லாமல் மறைந்துபோனால், அதற்குப் பிறகு குழந்தை விளையாடாது, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். “அத்தை, அழுதாலும் சொல்லிவிட்டே போகிறேன்” என்றேன். தினமும் ஒரே சொற்கள்: “அம்மா போகிறேன். நீ தூங்கி எழுந்ததும் வருவேன்.” மணிக்கணக்கு தெரியாத வயதில் தூக்கம்தான் கடிகாரம். ஒரு முத்தம், பராமரிப்பாளரின் கையில் கொடுத்தல், நடை. அழுகை கேட்டாலும் வாசலில் தயங்கி நிற்பதில்லை. நாம் தயங்கினால், அந்த இடத்தில் ஏதோ ஆபத்து என்றே குழந்தை எடுத்துக்கொள்ளும்.

மாலைகளைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாள் முழுவதும் நன்றாக இருந்தாள் என்பார்கள். என்னைக் கண்டதும் வெடித்து அழுவாள், வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குக்கூட உருண்டு புரள்வாள். வீட்டில் இருக்கும் நாளில் காலையில் உயர்ந்திருக்கும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மாலைக்குள் இறங்கும். காப்பகத்திலோ பல சின்னக் குழந்தைகளுக்கு அது பகலில் ஏறுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அடக்கி வைத்ததை எல்லாம் அவள் நம்பிக்கைக்குரிய இடத்தில் இறக்கி வைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம். மாலையில் கடை, விருந்தினர் எல்லாவற்றையும் நிறுத்தினோம். வந்ததும் கைபேசியை வைத்துவிட்டு, விளக்கை மட்டுப்படுத்தித் தரையில் படுத்துக்கொள்வோம். அவள் எங்கள் மேல் ஏறி இறங்குவாள். என் கணவர் இதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

சளியும் காய்ச்சலும் மாறிமாறி வந்தன. முதல் ஆண்டில் இது சகஜம் என்றாலும், ஒவ்வொரு முறை வீட்டில் தங்கித் திரும்பும்போதும் பழக்கம் கொஞ்சம் பின்வாங்கியது. அப்போது மறுபடி குறைந்த நேரத்திலிருந்து தொடங்கினோம்.

இப்போது காலையில் அவளே கை நீட்டிப் பராமரிப்பாளரிடம் தாவுகிறாள். சென்ற மாதம் அவர் விடுப்பில் போனபோதுதான் பழைய அழுகை திரும்பியது. அதனால் இரண்டாவதாக ஒரு பராமரிப்பாளரையும் பழக்கும்படி கேட்டிருக்கிறோம். தூங்க வைக்கும் வேலையை வாரத்தில் சில நாட்கள் அந்த இரண்டாமவர் எடுத்துக்கொள்கிறார். புதிதாகச் சேர்க்கப் போகிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.