புதுச்சேரிக் கடலுக்கடியில் கேமரா

அந்தமான் படங்களைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரியில் டைவிங் வருபவர்களுக்கு முதல் ஏமாற்றம் தண்ணீரின் நிறம்தான். பச்சையாக இருக்கும். தென்பெண்ணையும் சங்கராபரணியும் வண்டல் கொண்டுவந்து சேர்க்கும் கடல் இது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, மாசி பிறந்தால் கொஞ்சம் தெளியும்.

சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும் டெம்பிள் ரீஃப் ஒரு செயற்கைப் பாறைத்திட்டு. இறங்கியதும் மொத்தத்தையும் ஒரே படத்தில் அடக்கத்தான் கை போகும். கிடைப்பது பச்சைப் புகைமூட்டம். சிவப்பு நிறம் முதல் 5 மீட்டரிலேயே பெரும்பாலும் காணாமல் போகிறது. மேலிருந்து வெளிச்சம் இறங்கும் தூரத்தோடு, மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவில் உள்ள தூரமும் நிறத்தைத் தின்கிறது. பார்வைத் தூரம் 5 மீட்டர் என்றால், 1 மீட்டருக்குள் வராத எதையும் விட்டுவிடுங்கள். இதில் ஒரு கண்கட்டும் உண்டு: மாஸ்க் வழியாக 1 மீட்டர் தூரம் முக்கால் மீட்டர் போலத்தான் தெரியும். நெருங்கிவிட்டோம் என்று தோன்றிய பிறகும் இன்னும் நெருங்க வேண்டியிருக்கும். வைட் ஆங்கிள் லென்ஸ் அதற்காகத்தான். நிறைய அடக்குவதற்கு என்று நினைத்து வாங்குபவர்களே அதிகம்.

மேலே நின்று குனிந்து எடுத்தால் களவா மீனின் முதுகும் பாறையும் ஒன்றாகிவிடும். மீனின் மட்டத்துக்கு இறங்கி, முடிந்தால் அதற்கும் கீழே போய், லேசாக அண்ணாந்து எடுங்கள். பின்னால் வெறும் தண்ணீர் இருக்கட்டும். ஆனால் காலில் மாட்டிய துடுப்பு தரையில் பட்டால் சேறு கிளம்பி, அந்த இடத்தில் யாருக்கும் படம் கிடைக்காது. ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் மிதக்கக் கைவராதவர் கேமராவைப் படகிலேயே வைத்துவிட்டு வருவது மேல்.

லயன்ஃபிஷ் நல்ல மாடல், அவசரப்படாது. முள் விஷம் என்பதால் மூலையில் மடக்க வேண்டாம். செட்டைகளை விரித்து முகம் திருப்பும்வரை காத்திருங்கள். ஃப்ளாஷ் நேராக அடித்தால் நடுவில் மிதக்கும் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகப் படம் முழுக்கத் தெறிக்கும். கேமராவின் இருபுறமும் பொருத்திய இரண்டு ஃப்ளாஷ்களையும் கைப்பிடி மட்டத்துக்குப் பின்னிழுத்து, அகலமாகப் பரப்பி, சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளியின் ஓரம் மட்டும் மீனைத் தொட்டால் போதும். கேமராவோடு ஒட்டிய ஃப்ளாஷ் என்றால் அணைத்துவிடலாம்.

சீலா மீன் கூட்டத்துக்கு ஃப்ளாஷே வேண்டாம். ஏறும்போது பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கிறோமே, அங்கிருந்து சூரியனை ஒரு மீனுக்குப் பின்னால் மறைத்து, 1/250 ஷட்டர், எஃப் 11 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 200 (ஒளி உணர்திறன்) வைத்துப் பாருங்கள். நங்கூரக் கயிறும் படகின் அடிவயிறும் அங்கே தாமாகவே கோடு போட்டுத் தரும். படம் இருட்டினால் முதலில் எஃப் 8 ஆக்குங்கள். சூரிய வட்டம் வெளுத்துப் பரவினால் எஃப் 16.

கேமராவுக்குத் தண்ணீர் புகாத உறையான ஹவுசிங்கை ஏசி அறையில், உள்ளே சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தோடு மூடினால், தண்ணீரின் குளிர்ச்சியில் உள்பக்கம் பனி பிடிக்கும். ஹவுசிங்கின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒவ்வொரு பட்டனையும் பலமுறை அழுத்துங்கள். உப்பு பூத்துவிட்டால் அடுத்த முறை பட்டன் அசையாது.