தராசு இறங்கினால் மட்டும் போதாது

ஜூன் 2
மழை பிடித்துவிட்டது. நாகர்கோவில் ரோட்டில் காலை நடைக்காரர்களைக் காணோம். எடை குறைக்க வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இருப்பவர்கள் மழையைச் சாக்கு வைத்துப் படுத்துவிடக் கூடாது. வராந்தாவிலேயே 10 நிமிடமாக மூன்று வேளை நடந்தால் போதும். இந்தக் கட்டத்தில் நடப்பது எடைக்காக அல்ல, காலில் ரத்தம் உறைந்து கட்டாமல் இருக்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஜூன் 6
குடம் தூக்கலாமா? கூடாது. வெளியே தெரிவது நாலைந்து சின்னத் தையல்தான், உள்ளே தசைச்சுவர் ஆற நாளாகும். முதல் 4 முதல் 6 வாரம் 5 கிலோவே அதிகபட்சம். நிறைகுடம் அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். மீறினால் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். இருமும்போது அங்கே புடைக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 13
முதல் மாதத்தில் எடை சில நாள் அசையாமல் நிற்கும். முதலில் இறங்கியதில் ஒரு பகுதி தண்ணீர்க்கணக்கு, அது சமனாகும்போது முள் நிற்கிறது. பயந்துபோய் சாப்பாட்டைக் குறைப்பதுதான் தப்பு. வாரம் ஒரு நாள் எடை, கூடவே இடுப்பளவு.

ஜூன் 20
எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். வெறும் நடை அதைத் தடுக்காது. டாக்டர் சம்மதித்தபின், பெரும்பாலும் 6 வாரம் கழித்து, வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல்: கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டை இழுத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது வெளியே விடுங்கள்.

இதற்குத் தீனி புரதம், நாளுக்கு 60 கிராமாவது. 100 கிராம் சாளை மீனில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6. மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) புரதம் இல்லையென்றே சொல்லலாம். நம்மூரில் தட்டில் அது மலையாகவும் மீன் ஓரத்திலும் இருக்கும்; சுருங்கிய வயிற்றுக்கு மீன்தான் முதலில் போக வேண்டும்.

ஜூன் 27
உடற்பயிற்சி முடித்து கருப்பட்டிக் காப்பியோ அக்கானியோ (பதநீர்) மடமடவென்று குடித்தால், வயிற்று பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கி நேரே குடலோடு இணைப்பது) செய்தவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம். தண்ணீரே போதும், வாய் வாயாக. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். எழுந்தவுடன் கண் இருட்டினால் பிரஷர், சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஜூலை 5
எடை குறைந்தும் படியேற மூச்சு வாங்குகிறதா? ரத்தசோகையாக இருக்கலாம், இரும்புச்சத்தும் பி12-ம் சோதியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேயிலையோடு விழுங்குவது வீண். கால்சியத்துக்கும் அதற்கும் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். மருந்துவாழ் மலை ஏறும் ஆசை இருந்தால் பிறகு பார்க்கலாம். முட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பாரம்.