எழுத்து கரையாமல் படத்தைச் சுருக்கினேன்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊரில் ஒரு சிறிய சிவன் கோயில் இருக்கிறது. அதன் அடித்தளக் கற்களில் தெற்கிலும் மேற்கிலும் சோழர் காலத்துக் கல்வெட்டு ஓடுகிறது. திருப்பணி தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே எழுத்து முழுவதையும் படமெடுத்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை போய், மீட்டருக்கு ஒன்றாக 40 படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றும் 6 எம்பி.

படிக்கத் தெரிந்தவர் எங்கள் பழைய தமிழாசிரியர். இப்போது சொந்த ஊரில் இருக்கிறார். அங்கே சிக்னல் வந்து வந்து போகும். அவரிடம் இருப்பதும் இடமில்லாத பழைய போன். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினேன். அன்றிரவே அழைத்தார். “தம்பி, எழுத்தெல்லாம் கரைஞ்ச மாதிரி இருக்கே. கல்லு அப்படியா, படம் அப்படியா?”

படம்தான் அப்படி. வாட்ஸ்அப் தானாகவே அளவைக் குறைத்து அனுப்பியிருந்தது. சரி என்று டாக்குமெண்டாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால் படம் மாறாமல் போகும். ஆனால் இரண்டு படம் இறங்குவதற்குள் அவருடைய போன் நின்றுவிட்டது. ஜிமெயிலில் 25 எம்பிதான் வரம்பு. நாலு படத்துக்கு மேல் ஏற்ற முடியாது.

அடுத்து, ‘100 கேபி ஆக்கித் தருகிறோம்’ என்ற ஒரு தளத்தில் போட்டேன். ஆக்கித் தந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. போன் படங்களைச் சேமிக்கும் ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. தரத்தை மிகவும் இறக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கம் போய், கட்டங்களே கண்ணுக்குத் தெரியும். முகப்படத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கல்வெட்டில் முடியாது. சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் (ா) ஒன்றுபோல இருக்கும். படிப்பவர் நம்பி இருப்பது கோட்டின் வளைவை மட்டும்தான்.

அப்போதுதான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். 4000-க்கு 3000 புள்ளிகள். அதில் எழுத்துள்ள பட்டை நடுவில் மூன்றில் ஒரு பங்குதான். மேலே வெறும் சுவர், கீழே புல். அந்தப் புல்லையும் அல்லவா ஆசிரியர் இறக்கிக்கொண்டிருந்தார்! தரத்தைக் குறைப்பதற்கு முன்னால் வேண்டாததை வெட்ட வேண்டும் என்பது அங்கேதான் புரிந்தது.

இர்ஃபான்வியூ என்ற கணினி மென்பொருளில் ஒவ்வொரு படத்திலும் எழுத்துப் பட்டையை மட்டும் வெட்டினேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அப்புறம் எவ்வளவு சுருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் கல் 4000 புள்ளியில் இருக்கிறது. 3 செ.மீ. உயர எழுத்து 120 புள்ளி. பாதியாக்கினால் 60. திரையில் வைத்துப் பார்த்தேன், சுகமாகப் படிக்க முடிந்தது. 30-க்கு இறக்கியபோது சுழிகள் அடைத்துக்கொண்டன. ஆக, நீளப் பக்கம் 2000 என்று வைத்து, அதே மென்பொருளில் 40 படங்களையும் மொத்தமாகச் சுருக்கினேன். தரம் 100-க்கு 75. கடைசியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கேபி, எல்லாம் சேர்த்து 12 எம்பி.

கறுப்பு வெள்ளையாக்கினால் நிறையக் குறையும் என்று நினைத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஜேபெக் நிறத்தை ஏற்கெனவே நன்றாகச் சுருக்கிவிடுகிறது. கனமெல்லாம் கல்லின் சொரசொரப்பில்தான். இன்னொன்றும் கவனித்தேன். இருட்டு மூலையில் எடுத்த ஏழு படங்கள் மட்டும் முதலில் சுருங்கவே மறுத்தன. மங்கிய வெளிச்சத்தில் கேமரா சேர்க்கும் பொடிப்பொடியான புள்ளி இரைச்சலையும் ஜேபெக் நுணுக்கம் என்றே எண்ணிச் சேமிக்கிறது. மறு வாரம் போய், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அந்த ஏழையும் மறுபடி எடுத்தேன். எழுத்துக்குள் நிழல் விழுந்து பளிச்சென்று வந்தது, எடையும் குறைந்தது. மாவு, சுண்ணாம்பு பூசிப் படமெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வெளிச்சமே போதும்.

சுருக்கியவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்தேன். மூலப் படத்தின் மேலேயே சேமித்தால் போனது போனதுதான். பெயரையும் ‘தெற்கு-01’, ‘தெற்கு-02’ என்று மாற்றினேன். வரிசை தவறினால் வாக்கியமே தவறிவிடும்.

இந்த முறை டாக்குமெண்டாக, பத்துப் பத்தாக அனுப்பினேன். எல்லாம் இறங்கிவிட்டன. மூன்று நாள் கழித்து அழைத்தார். அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தியாம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று தெளிவாக இருக்கிறதாம். எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகளுக்கு அப்படிப் பெயர். “௯௰, அதாவது தொண்ணூறு, தெரியுது தம்பி. அதுக்குப் பின்னால இருக்கிறது எழுத்தா, கல்லு சிதைஞ்சதா?”

மூலப் படத்தைத் திறந்து, அந்த உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் சுருக்காமல் வெட்டி அனுப்பினேன். 200 கேபிகூட வரவில்லை. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

“௬ தான் தம்பி. தொண்ணூத்தாறு ஆடு.”