சோளகத்தில் தெரிந்த மிஸ்

யாழ்ப்பாணத்துப் பண்ணைத் தாம்போதியில் ஏறும் வரைக்கும் எங்கள் மொறிஸ் மைனர் காரில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனி மாதம், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மூர்க்கமாக வீசிக்கொண்டிருந்தது. நயினாதீவு அம்மனிடம் போவதற்காக, படகு ஏறும் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டிருந்தோம். நாலாவது கியரில், எதிர்க்காற்றில், காலை அழுத்தியதும் எஞ்சின் வெட்டத் தொடங்கியது. காலைத் தளர்த்தினால் சரியாகிவிடும். மிதித்தால் திரும்பவும் வெட்டும். முன் சீற்றில் இருந்த மாமா ஒன்றும் பேசாமல் யன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

1960ஆம் ஆண்டுக் கார் அது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார் அப்பா. அவ்வளவையும் தாங்கிய 948 சீசீ எஞ்சின் கடைசியில் ஒயில் குடிக்கத் தொடங்கியது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க, அதாவது போர் அடிக்க, இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் டட்சன் ஏ12 எஞ்சின் ஒன்றைக் கியர்பொக்ஸோடு வாங்கினேன். 1171 சீசீ. எஞ்சினைக் கராஜில் ஏற்றினார்கள், வயரிங்கை நானே செய்தேன். சாவி போட்டதும் பழைய பெற்றோல் மின்பம்பு 'டிக் டிக்' என்று அடிக்கும் சத்தம் போய்விட்டதில் மட்டும் எனக்குக் கவலை. டட்சனுக்கு எஞ்சினோடு சேர்ந்த பம்பு.

இப்படி எஞ்சின் வெட்டுவதைத்தான் மிஸ் என்போம். மிஸ் வந்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது தாங்கியைத்தான். மண்ணெண்ணெய்க் காலத்துக் கசடு அடியில் இருக்கும் என்று நினைத்தேன். கழற்றிக் கழுவினேன், பைப்புக்குக் காற்றடித்தேன், காபரேற்றர் ஜெற்றுகளைத் துப்புரவாக்கினேன். மூன்று ஞாயிறு அதில் போனது. கொம்பிறெஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரிலும் 145 பிஎஸ்ஐக்குக் குறையவில்லை. பிளக் வயர்கள் 1-3-4-2 ஒழுங்கில்தான் இருந்தன. பொறி உண்டாக்கும் பக்கத்தில் பொயின்ற், கொண்டென்சர், பிளக் எல்லாம் புதிது போட்டேன். வீட்டு முற்றத்தில் எஞ்சின் தையல் மெஷின்போல ஓடும். பக்கத்து நல்லூருக்கும் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கும் போய்வரும்போதும் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் மலை இல்லை, காரை இழுக்கவிட்டுப் பார்க்க ஏற்றமும் இல்லை. சோளகம்தான் எங்களுக்கு ஏற்றம். பின்னேரங்களில் தனியாகப் பண்ணைக்குப் போய், அல்லைப்பிட்டி வரைக்கும் காற்றுக்கு எதிராக ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

ஒருநாள் மாமாவையும் கூட்டிப் போனேன். முப்பது வருசம் ஹயர் கார் ஓடின மனுசன், பெரும்பாலும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். திரும்பி வரும்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, இது பெற்றோல் பிழை இல்லை. பெற்றோல் காணாட்டி எஞ்சின் சோர்ந்து சோர்ந்து விழும். இது கத்தியால வெட்டின மாதிரி விடுது. நெருப்புத்தான் பிழை. பிளக்கை நெருக்கிப் பார்."

பிளக் இடைவெளி 0.85 மில்லிமீற்றரில் இருந்தது. 0.6க்கு நெருக்கினேன். மிஸ் முக்கால்வாசி போய்விட்டது! இடைவெளி குறைந்ததும் மிஸ் குறைந்தால், பொறி பாயப் போதிய வோல்ற்றேஜ் வரவில்லை என்றுதான் அர்த்தம். அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நிறைய ஏறி அமுக்கம் கூடும். அமுக்கம் கூடினால் அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்குக் கூடுதல் வோல்ற்றேஜ் தேவை. முற்றத்தில் சும்மா உறுமும் எஞ்சினில் இது எப்படித் தெரியும்?

மாமாவிடம் சொன்னேன். அவர் பொனற்றைத் திறந்து, பொறிக்கு வோல்ற்றேஜை ஏற்றிக் கொடுக்கும் கொயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எர்த்தை மாத்தினனி. கொயிலையும் மாத்தினனியோ?"

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. மொறிஸ் பொசிற்றிவ் எர்த் கார், பற்றறியின் பொசிற்றிவ்தான் பொடியில் இருக்கும். டட்சன் எஞ்சினோடு, பற்றறியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ற்றனேற்றர் வந்ததால் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தேன். பழைய லூகாஸ் கொயில் நல்ல நிலையில் இருந்தது, அதை எறிய மனம் வரவில்லை. அதன் முனைகளில் பிளஸ், மைனஸ் குறி இல்லை. எஸ்டபிள்யூ, சீபீ என்றுதான் இருக்கும். ஒன்று சுவிச்சுக்கு, மற்றது பொயின்றுக்கு. அந்த எழுத்துப்படியே கொடுத்திருந்தேன். ஆனால் அந்த எழுத்துகள் பொசிற்றிவ் எர்த்தை நினைத்து அடித்தவை. எர்த்தைத் திருப்பினால் இந்த இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பொறி தலைகீழாகப் போகும். பிளக்கின் நடுமுனை நன்றாகச் சூடேறும், அதிலிருந்து இலத்திரன்கள் இலகுவாகப் புறப்படும். நான் குளிர்ந்த பக்கத்து முனையிலிருந்து அவற்றைப் புறப்படச் சொல்லியிருக்கிறேன். அதற்குத்தான் கூடுதல் வோல்ற்றேஜ் தேவைப்பட்டது.

நிச்சயப்படுத்தாமல் வயரைத் தொட மாமா விடவில்லை. பொழுதுபடும் நேரம், மாமரத்துக்குக் கீழே ஒரு பிளக் வயரைக் கழற்றி, பிளக்கின் தலையிலிருந்து கொஞ்சம் விலக்கிக் கட்டினோம். எஞ்சின் மூன்று சிலிண்டரில் ஓடிக்கொண்டிருக்க, நீளக் குறடொன்றில் பென்சிலைப் பிடித்து அதன் கூர்முனையை அந்த இடைவெளிக்குள் நீட்டினார். கையால் பிடிக்கக் கூடாது, நல்லாய் அடிக்கும். பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் செம்மஞ்சள் சுவாலை விரிந்தால் சரி. எங்களுக்கு அது வயர்ப் பக்கம் விரிந்தது.

கொயிலின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டோம். ஐந்து நிமிட வேலை. திரும்பப் பென்சிலை நீட்டினார், சுவாலை பிளக் பக்கம் வந்துவிட்டது. பிளக் இடைவெளியைப் பழையபடி 0.85க்குத் திறந்தேன். அடுத்த நாள் பண்ணையில் அதே காற்று. நாலாவது கியர், கால் முழுக்க கீழே. ஒரு வெட்டும் இல்லாமல் வேலணை கடந்து குறிகட்டுவான் வரைக்கும் போனோம். இறங்கியதும் மாமா பொனற்றில் கையை வைத்து, "இப்ப இழுக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கொயிலில் இருந்த அந்த ஆங்கில எழுத்துகளை அரத்தால் உராய்ந்து எடுத்துவிட்டேன். ஒரு முனைக்கு 'சுவிச்', மற்றதற்கு 'பொயின்ற்' என்று வெள்ளைப் பெயின்ற்றால் தமிழில் எழுதி, கீழே 'நெகற்றிவ் எர்த்' என்றும் போட்டிருக்கிறேன். எனக்குப் பிறகு இந்தக் காரைத் திறப்பவர் யாராயிருந்தாலும் வாசிக்கட்டும்.